பதாகையில் இடமில்லாத 22 பிள்ளைகள்

மதிப்புக்குரிய அதிபர் சிஸ்டர் அவர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திக் குழுவினருக்கும், எங்கள் பங்குத்தந்தை அவர்களுக்கும்,

தரம் ஐந்துப் பிள்ளைகள் இந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் கலந்துகொள்ள மாட்டார்கள் என்று ஒரு துண்டுக் கடதாசி, இந்த மாதத் தொடக்கத்தில் என் மகளின் கொப்பிக்குள் மடித்து வைத்து வந்தது. அதே கடதாசியில் வேறு விஷயங்களும் இருந்தன. முதல் வெள்ளிப் பூசைக்கு மற்ற வகுப்புகள் கோயிலுக்குப் போகும்போது தரம் ஐந்து வகுப்பறையில் இருந்து வினாத்தாள் செய்யும். சித்திரப் பாடமும் உடற்பயிற்சிப் பாடமும் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை நுண்ணறிவு வகுப்பாக நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை 7.30 முதல் 11.30 வரை மேலதிக வகுப்பு. கீழே "பெற்றோர் ஒத்துழைக்கவும்" என்று எழுதி, கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை காலையில் நேரில் வந்து, அலுவலகத்துக்கு வெளியே வாங்கில் முக்கால் மணித்தியாலம் இருந்து, ஒரு கடிதத்தை உங்கள் கையிலேயே தந்தேன் சிஸ்டர். "குழுவோடு கதைத்துப் பார்ப்போம்" என்றீர்கள். அன்று பின்னேரம் பெற்றோரின் வட்ஸ்அப் குழுமத்தில் இரண்டு தாய்மார் இதைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். இரவு எட்டு மணிக்குள் அந்தக் குழுமத்தில் நிர்வாகிகள் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். பத்து நாள் பொறுத்தேன். பதில் இல்லை. விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

பாடசாலையின் பெயரை நான் எழுதவில்லை. நானும் அங்கேதான் படித்தேன், என் அம்மாவும் அங்கேதான் படித்தார். அந்தப் பெயருக்கு ஒரு குறை வருவது எனக்கு வேண்டாம். மட்டக்களப்பு வாவிக்கரையில் கோயில் வளவோடு ஒட்டி இருக்கிற ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளி என்பது வாசிக்கிறவர்களுக்குப் போதும்.

என் மகன் 2024இல் உங்களிடம் தரம் ஐந்து படித்தான். அதற்கு முந்தின வருடம்வரை பாண்ட் வாத்தியத்தில் சின்ன ட்ரம் அடித்தவன். வீட்டில் சாப்பாட்டு மேசை, தண்ணீர் வாளி, தங்கச்சியின் தலை என்று எதிலும் தாளம் போட்டுக்கொண்டிருப்பான். தரம் ஐந்து தொடங்கியதும் பாண்டில் இருந்து எடுத்துவிட்டார்கள், தரம் ஐந்துக்கு அது தேவையில்லை என்று. அதன் பிறகு அவன் நாள் இப்படி ஓடியது: பாடசாலை பகல் 1.30 வரை, பாடசாலையிலேயே மேலதிக வகுப்பு 3.30 வரை, நான்கு மணிக்கு ரியூசன், ஆறரைக்கு வீடு, முகம் கழுவிவிட்டு மறுபடியும் வினாத்தாள். இரவுச் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே நித்திரையாகிவிடுவான். பத்து வயது.

அவனை அப்படி ஓட்டியதில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஒரு மாதிரி வினாத்தாளில் 200க்கு 96 எடுத்துக்கொண்டு வந்த நாள் நான் அவனுக்கு அடித்தேன். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். உங்களிடம் நியாயம் கேட்க வருகிறவள் தன் பிழையை ஒளித்துவைத்துக்கொண்டு வரக் கூடாது. ஒவ்வொரு செப்டெம்பரும் ஆயித்தியமலை சதாசகாய மாதா திருநாளுக்கு எங்கள் வீட்டார் எல்லாரும் நடந்து போவோம். அந்த வருடம் பரீட்சை கிட்டிவிட்டது என்று அவனை மட்டும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது வாசற்படியில் வினாத்தாளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். "மாதாட்ட எனக்காகக் கேட்டீங்களா?" என்று கேட்டான். ஓம் மகன், கேட்டேன் என்றேன்.

செப்டெம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை பரீட்சை நடந்தது. அடுத்து என்ன நடந்தது என்று நாடு முழுக்கத் தெரியும். முதலாம் வினாத்தாளின் சில கேள்விகள் முன்னமே வெளியே போய்விட்டன என்று செய்தி வந்தது. திரும்ப நடத்துவார்களா, மாட்டார்களா என்று மூன்றரை மாதம் பிள்ளைகளைக் காக்க வைத்தார்கள். டிசம்பர் 31இல்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெளியான மூன்று கேள்விகளுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி என்று முடிவாகி, 2025 ஜனவரியில் பெறுபேறு வந்தது. அதுவரை எங்கள் பிள்ளைகள் கொப்பியை மூடவில்லை. திரும்ப நடத்தினாலும் நடத்துவார்கள் என்று சிறுவர் தினமும் நத்தாரும் வினாத்தாளோடுதான் போனது. பாலன் குடில் கட்ட வைக்கோல் எடுக்கப் போகிற நேரத்தில்கூட "அம்மா, திரும்ப வச்சா என்ன செய்றது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

118 புள்ளி எடுத்தான். 70க்கு மேல் எடுத்தால் சித்தி. சான்றிதழ் உண்டு. உதவிப்பணம் பெற எங்கள் மாவட்டத்தில் எடுக்க வேண்டிய வெட்டுப்புள்ளி அதைவிடக் கூட, அதனால் அவன் வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. அவனுடைய வகுப்பில் 31 பேர். 9 பேர் தாண்டினார்கள், 22 பேர் தாண்டவில்லை.

இனி நான் சொல்லப் போவது அந்த நன்றித் திருப்பலியைப் பற்றி. பங்குத்தந்தை அவர்களே, இது உங்களுக்கும்தான். தரம் ஐந்தில் பரீட்சை எழுதிய எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுப்போடு வரவேண்டும் என்று அறிவித்தல் வந்தது. நான் அவனுடைய உடுப்பை முதல் நாள் இரவே தோய்த்து, ஸ்திரி போட்டு வைத்தேன். பூசை நடுவில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். 9 பிள்ளைகளும் பீடத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். மாலை போட்டார்கள். தாய் தகப்பனையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். மற்ற 22 பேரும் அதே வெள்ளை உடுப்போடு மூன்றாம், நான்காம் வரிசை வாங்குகளில் இருந்தார்கள். பெயர் முடிந்துவிட்டது என்று தெரிந்தபோது என் மகனுக்குப் பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை தன் தலை ரிப்பனைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தாள். நற்கருணை வாங்க வரிசையில் போகிற நேரம் வந்தது. என் மகன் எழும்பவில்லை. "எனக்கு ஏலாது அம்மா" என்றான். முதல் நன்மை வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று எனக்கு வாய் திறக்க வரவில்லை. நானும் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு பதாகை. 9 பிள்ளைகளின் படமும் புள்ளியும் போட்டு, பத்தடி நீளத்தில், வாசல் பக்கத்து மாதா கெபியின் கம்பி வேலியில் கட்டினீர்கள். காலையில் பிள்ளைகள் செவ்வரத்தம் பூவும் நித்தியகல்யாணியும் கொண்டுவந்து வைக்கிற இடம் அது. றோட்டால் போகிறவர்களுக்கு மாதாவின் சொரூபம் தெரியாமல் பதாகை மறைத்துக்கொண்டு நின்றது. என் மகன் புதுப் பள்ளிக்கு அந்த வாசலைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு கிழமைக்குள் வழியை மாற்றிவிட்டான், மீன் சந்தைப் பக்கத்தால் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினான். ஏன் என்று கேட்டதற்கு "அந்தப் பக்கம் நாய் இருக்குது" என்றான். நாய் இல்லை. கடைக்காரி அக்கா பதாகையைக் காட்டி, "உங்கட படம் இதில இல்லையா தம்பி?" என்று அவனிடமே கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். என் அம்மா, அதாவது அவனுடைய அம்மம்மா, அவனுடைய முதல் நன்மைப் படத்தைப் பெரிதாக்கி முன் விறாந்தையில் மாட்டினார். "உன்ட படம் வைக்க என்ட வீட்டுச் செவருல இடம் இல்லையா மனே" என்றார். எங்கள் வீட்டில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. உங்கள் வேலியில் இப்போது 2025 பரீட்சைப் பதாகை, போன செப்டெம்பரில் இருந்து தொங்குகிறது. வெயிலில் முகங்கள் வெளிறிப்போய்விட்டன.

பதாகையில் இருந்த பிள்ளைகள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த 9 பேரில் ஒருத்தியின் தாய் என் நெருங்கிய சிநேகிதி. நான்தான் முதல் ஆளாக அவர்கள் வீட்டுக்குச் சீனிப்பலகாரம் கொண்டு போனேன். அந்தப் பிள்ளைக்கு நன்றாக விளங்கிப் படிக்கிற கெட்டித்தனம் இருக்கிறது, வாழ்க. ஆனால் அவளுக்கும் கடைசியில் கேட்ட கல்லூரி கிடைக்கவில்லை. பேர் பெற்ற கல்லூரிகளுக்கு வெட்டுப்புள்ளி இன்னும் கூட. பதாகையில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை வீட்டில் அழுதாள் என்று அவள் தாய் சொன்னார்.

இந்தப் பரீட்சையைப் பற்றி நாம் நிதானமாக ஒரு தடவை யோசிக்க வேண்டும். வருடத்துக்கு 3 இலட்சம் பிள்ளைகள் அளவில் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதிலும் உதவிப்பணம் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான். மாதம் 750 ரூபாயாக இருந்தது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கினார்கள். மகனின் தரம் ஐந்து வருடத்தில் வகுப்புக் காசு, வினாத்தாள் காசு, கருத்தரங்குக் காசு, ஓட்டோக் காசு என்று மாதம் 4,000 ரூபாய்க்குக் குறையாமல் போனது. என் கணவர் மேசன் வேலை. மழை மாதங்களில் வேலை இராது. நான் தைத்துச் சேர்த்த காசில்தான் அந்த வருடம் ஓடியது. அவன் வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தாலும், அந்த ஒரு வருடம் போட்ட காசு திரும்பி வர எத்தனை வருடம் எடுக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இந்தப் புலமைப்பரிசில் எதற்காக வந்தது என்பதை எங்களுக்குச் சொல்லித் தந்ததே இந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர்தான். அந்தக் காலத்துக் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்த 1940களில், கிராமத்து ஏழைப் பிள்ளை ஒன்று கெட்டித்தனம் இருந்தும் காசில்லாமல் நின்றுவிடக் கூடாது என்று, மத்திய கல்லூரிகளில் தங்கிப் படிக்க வழி செய்தார்கள். இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வளவில் வந்தாறுமூலை மத்திய கல்லூரி இருந்த காலத்தில், வாவியின் இரு பக்கத்து எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருந்து அப்படிப் போய்ப் படித்து ஆளானவர்கள் எத்தனை பேர். அந்தப் பரீட்சைக்கு ஒரு வருடத்தைக் கொட்டித் தயாராக யாரிடமும் காசு இருக்கவில்லை. போகக்கூடிய பிள்ளையைத் தேடி எடுக்கிற வழியாக அது இருந்தது. இப்போது அதே பரீட்சை தாண்டாத பிள்ளைகளுக்குக் குறி போடுகிற ஒன்றாகிவிட்டது. அந்தக் குறியைக் கொழும்பு போடவில்லை. எங்கள் வாசலில், எங்கள் கையால், நாங்களே கட்டுகிறோம்.

உங்கள் பக்கமும் எனக்கு விளங்குகிறது. கல்விக் கோட்டக் கூட்டத்திலும் வலயக் கூட்டத்திலும் சித்தி வீதத்தைத்தான் கேட்கிறார்கள். வீதம் குறைந்தால் அடுத்த வருடம் தரம் ஒன்றுக்குப் பிள்ளைகள் வராமல் நகரத்துப் பெரிய பள்ளிகளுக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர்களை இடம் மாற்றுவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. சின்னப் பள்ளி ஒன்றைக் காப்பாற்றுவது எவ்வளவு பாடு என்று பார்க்கிறோம். மேலதிக வகுப்புக்கு ஒரு சதம் வாங்காமல் வந்த ரீச்சரை நான் மறக்கவில்லை. பசியோடு இருக்கிற பிள்ளைகளுக்குத் தன் காசில் பணிஸும் பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்தவர் அவர். போன நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்தால் பாடசாலை மூடிக் கிடந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும் என்று குழுவில் சொன்னார்களாம். அதுவும் நியாயமான கவலைதான். ஆனால் அந்த நாட்களை விளையாட்டிலும் சித்திரத்திலும் பூசையிலும் இருந்து எடுப்பது எப்படிச் சரியாகும்? வெள்ளத்தில் வீடு நனைந்த பிள்ளைகள் இந்த வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் ஓடி விளையாடுவதுதான் இப்போது கூடத் தேவை.

எங்கள் பள்ளி யாருக்காக இருந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். 1960, 61இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்தபோது, நாட்டின் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை அரச பாடசாலைகளாயின. எங்களுடையதும் அப்படித்தான். பெயரிலும் கெபியிலும் காலைச் செபத்திலும்தான் பழையது மிஞ்சியிருக்கிறது. இன்று படிக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள். சரஸ்வதி பூசைக்கு அவல் கடலை எல்லாப் பிள்ளைக்கும், நத்தாருக்குக் கேக் துண்டு எல்லாப் பிள்ளைக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளி கூரையைக் கொண்டுபோனபோது வேப்ப மரத்தடியில் வகுப்பு நடந்ததை அம்மா சொல்லுவார். 2004 டிசம்பர் 26 கடல் வந்த பிறகு, கடற்கரைப் பக்கத்துக் குடும்பங்கள் எங்கள் வகுப்பறைகளில்தான் வந்து தங்கின. அப்போது நான் இளம் பெண். மேசைகளை வெளியே எடுத்துப் போட்டு, பாய் விரித்து, கோயில் முற்றத்தில் கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினோம். யார் எந்தக் கோயில், யார் எவ்வளவு படித்தவர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் 1995இல் தரம் ஐந்து. சுற்றிவளைப்பு நடக்கிற காலம். சில நாட்களில் பள்ளிக்குப் போகவே வழியிராது. நானும் புலமைப்பரிசில் எழுதினேன், எடுபடவில்லை. எத்தனை புள்ளி என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. ஆனால் அந்த வருட விளையாட்டுப் போட்டி நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் இல்லச் சோடனைக்குக் குருத்தோலையில் தோரணம் பின்னியது, தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்தில் நான் இரண்டாமிடம் வந்தது, பணிஸ் தின்னும் போட்டியில் ஒரு பொடியன் நூலையும் சேர்த்துத் தின்றது. ஊரில் அவ்வளவு பயம் இருந்த நாளில், அந்த நாளைய சிஸ்டர் எங்களை மைதானத்தில் இறக்கி ஓட விட்டார். அன்று பின்னேரம் முழங்கால் தேய்ந்து வீட்டுக்குப் போனது எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

என் மகளைப் பற்றி. போன வருடம் தரம் நான்கில் அவள் அஞ்சலோட்டத்தில் கடைசி ஓட்டக்காரி. முன்னால் வந்துகொண்டிருந்தவள் கோலைக் கை மாற்றும்போது தவற விட்டாள், அவளுடைய இல்லம் கடைசியாக வந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள். அடுத்த நாள் காலையில் எழும்பி, அகப்பைக் காம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அண்ணனைப் பிடித்து முற்றத்தில் கை மாற்றிப் பழகத் தொடங்கினாள். ஒரு வருடமாகப் பழகுகிறாள். பின்னேரத்தில் வாழை மரத்தில் இருந்து கிணற்றடி மட்டும், பிறகு வேலிக் கடப்பு மட்டும். ட்ரம் அடிக்க விடாமல் நிறுத்தப்பட்ட அண்ணன்தான் அவளுக்குப் பயிற்றுநர். நீங்கள் அனுப்பிய துண்டை அவள்தான் முதலில் வாசித்தாள். என்னிடம் தரும்போது எதுவும் சொல்லவில்லை. அகப்பைக் காம்பைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டாள்.

அவள் வகுப்பில் இன்னொரு பிள்ளை இருக்கிறான். எழுத்துக் கூட்டி வாசிக்கவே பாடுபடுகிறவன். புலமைப்பரிசில் வகுப்பில் அவனுக்கு ஒன்றும் இல்லை, பின் வாங்கில் சும்மா இருக்கிறான். ஆனால் ஓட்டத்தில் அவனை யாரும் பிடிக்க ஏலாது. வருடத்தில் ஒரு நாள், பாடசாலை முழுக்க அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிற நாள் இந்த விளையாட்டுப் போட்டிதான். அந்த ஒரு நாளையும் எடுத்துவிட்டால் அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன மிஞ்சும்? தரம் ஆறுக்கு அவன் எதைக் கொண்டுபோவான்?

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு, ஏப்ரல் 21, எங்கள் ஊர்ச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளும் செத்துப்போனார்கள். அந்த நாளுக்குப் பிறகு பிள்ளைகளை ஞாயிறு காலையில் கோயிலுக்கு அனுப்ப நாங்கள் எவ்வளவு பயந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். பாடசாலை திரும்பத் திறந்தபோது தாய்மார் முறை வைத்து வாசலில் நின்று பிள்ளைகளின் பைகளைப் பார்த்தோம். மறைக்கல்விக்குப் பிள்ளைகள் பழையபடி வர மாதக் கணக்கானது. அவ்வளவு பாடுபட்டு மீட்டெடுத்த ஞாயிறு காலை அது. மறையாசிரியர்கள் காத்துக்கொண்டிருக்க, அதே வளவில் மதிலுக்கு அந்தப் பக்கம் நாமே வினாத்தாள் வகுப்பு வைப்பதா? சைவப் பிள்ளைகளுக்கும் அந்த நேரம் அறநெறி வகுப்பு இருக்கிறது. பங்குத்தந்தை அவர்களே, இதற்கு நீங்கள் எப்படி ஒத்துக்கொண்டீர்கள் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

பிள்ளைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991இலேயே அதை ஏற்றுக்கொண்டது. ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்கு எங்கள் பாடசாலைச் சுவரில் நீங்களே எழுதி ஒட்டுகிற வசனம்தான்.

நான் கேட்பது இவை.

முதலாவது, தரம் ஐந்தை விளையாட்டுப் போட்டியில் இருந்து விலக்கிய முடிவை உடனே மாற்றுங்கள். பயிற்சிக்குப் போகிற நேரம் பாடசாலை முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம்தான். இதுதான் எல்லாவற்றிலும் அவசரம், ஏனென்றால் இதற்குத் திகதி இருக்கிறது.

சித்திரமும் உடற்பயிற்சியும் நேர அட்டவணையில் இருக்கிறபடி நடக்கட்டும். முதல் வெள்ளிப் பூசைக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் மற்ற வகுப்புகளோடு போகட்டும். ஞாயிறு காலை வகுப்பை நிறுத்துங்கள். மேலதிக வகுப்பு அவசியம் என்றால் கிழமை நாளில் இரண்டு பின்னேரம் வையுங்கள். அதில் வாசிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு குழுவும் இருக்கட்டும். அதற்குக் கூடமாட நிற்க நானும் வேறு ஐந்து தாய்மாரும் ஆயத்தம். எங்கள் பெயர்களைத் தனியாக எழுதித் தருகிறேன்.

கெபி வேலியில் இருக்கிற பதாகையை அவிழ்த்துவிடுங்கள். இந்த வருடம் பெறுபேறு வந்த பிறகும் படம், புள்ளி போட்ட பதாகை வேண்டாம். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளை வகுப்பில், வீட்டில், நேரில் மனதார வாழ்த்துவோம். வாசலில் எதாவது கட்டத்தான் வேண்டும் என்றால், ஐந்து வருடம் எங்களோடு படித்துவிட்டுப் போகிற எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி, போய் வாருங்கள் என்று கட்டுங்கள்.

நன்றித் திருப்பலி வைத்தால் பரீட்சை எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் பீடத்துக்கு முன்னால் கூப்பிடுங்கள் பாதர். இல்லாவிட்டால் ஒருவரையும் கூப்பிட வேண்டாம்.

பெற்றோரின் குழுமத்தில் எல்லாரும் எழுத விடுங்கள். தரம் ஐந்துப் பெற்றோர் கூட்டம் ஒன்றை வரும் கிழமைக்குள் வையுங்கள், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு, கூலி வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடியதாக. அங்கே என்னோடு உடன்படாத பெற்றோரும் கதைக்கட்டும், நான் கேட்கிறேன். ஆனால் முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள்.

என் மகள் எந்த இல்லம் என்று இல்லப் பொறுப்பு ரீச்சருக்குத் தெரியும். தரம் ஐந்துப் பெயர்ப் பட்டியலை நாளைக்கே அவரிடம் கொடுத்துவிடுங்கள் சிஸ்டர். அஞ்சலோட்டத்துக்கு ஆள் எடுப்பது வரும் செவ்வாய்க்கிழமை என்று கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
தரம் ஐந்தில் படிக்கும் ஒரு மகளின் தாய்,
இந்தப் பாடசாலையின் பழைய மாணவி
மட்டக்களப்பு